குச்சிக்கிழங்குக் காட்டில் மருந்தடிக்கும் முன்னால் ஒரு தடவை குனிந்து பாருங்க

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிச் செடியில் குருத்து சுருண்டு, இலையெல்லாம் ஒரே கொத்தாகக் குறுகி, மேலே வெள்ளையாக மாவு அப்பியிருந்தால் நம்மில் பலருக்குக் கை நேராகப் பவர் ஸ்பிரேயருக்குத்தான் போகும். எனக்கும் அப்படித்தான் போனது. ராசிபுரம் பக்கம் எங்கள் காட்டில் கடைக்காரர் சொன்னபடி இரண்டு மருந்தைக் கலந்து அடித்தேன், நாலு நாள் பயிர் பளிச்சென்று இருந்தது, இருபது நாளில் முன்னைவிட அதிகமாக மாவுப்பூச்சி ஏறிவிட்டது. செத்தது அதைத் தின்னும் பொறிவண்டுதான். மாவுப்பூச்சி மெழுகுப் போர்வைக்குள்ளும் சுருண்ட குருத்துக்குள்ளும் பத்திரமாக இருந்திருக்கிறது.

அதனால் முதல் வேலை பார்ப்பது. ஒரு சின்ன லென்ஸ் போதும், இல்லாவிட்டால் செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்க. மாவைத் தட்டிவிட்டால் உடம்பு இளஞ்சிவப்பாக இருப்பது மரவள்ளி மாவுப்பூச்சி, மஞ்சளாக இருப்பது பப்பாளி மாவுப்பூச்சி. வெள்ளையாக இருப்பதெல்லாம் எதிரி என்று நினைத்துவிடாதீங்க. மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு, அதைவிட நீளமாக வெள்ளை மெழுகு நூல் தொங்கவிட்டுக்கொண்டு, பார்க்க அதன் அண்ணன் மாதிரியே இருக்கும். கொஞ்சம் தொட்டால் விறுவிறுவென்று நகர்ந்து ஓடும். பெரிய மாவுப்பூச்சியை என்னதான் சீண்டினாலும் அப்படி ஓடாது. இன்னொன்று, மாவு பூசிய ஒரு பட்டாம்பூச்சிப் புழு. அதன் கூட்டுப்புழு அச்சு அசல் குரங்கு முகம் போல இருக்கும், குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டலாம். இதுவும் மாவுப்பூச்சியைத் தின்னும் நம்ம கூலியாள்தான், சம்பளம் கேட்காத ஆள்.

மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே மாவு உதிர்ந்து, பழுப்பாக உப்பி விறைத்த உடம்புகள் தெரிந்தால் அங்கே மருந்துக்கே வேலையில்லை. ஒரு குட்டிக் குளவி மாவுப்பூச்சிக்கு உள்ளே முட்டையிட்டிருக்கிறது என்று அர்த்தம். அதில் ஓட்டை இருந்தால் குளவி வெளியேறி அடுத்த பூச்சியைத் தேடிப் போய்விட்டது. ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான், ஆளைக் கொட்டாது.

இந்தக் குளவிகளுக்குப் பெரிய கதை உண்டு. பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில்தான் தெரியவந்தது, பப்பாளி, மல்பெரி, நம்ம கிழங்கு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. அடுத்து 2020இல் கேரளாவில் மரவள்ளி மாவுப்பூச்சி தென்பட்டு, சேலம், நாமக்கல் என்று இங்கேயும் வந்து சேர்ந்தது. ஆப்பிரிக்காவில் எழுபதுகளிலேயே கிழங்குக் காடுகளை அழித்த அதே பூச்சி. அங்கே அதை அடக்கிய தென் அமெரிக்கக் குளவியை இங்கே வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட ஆரம்பித்தார்கள். உங்கள் பக்கம் விறைத்த பூச்சியே கண்ணில் படவில்லையென்றால் குருத்துகளைப் படமெடுத்துக்கொண்டு ஏத்தாப்பூருக்கோ பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ ஒரு நடை போய்க் கேளுங்க.

குளவி இருக்கிற குருத்தை வெட்டிக் கொளுத்தாமல், ஏற்கெனவே பூச்சி பிடித்த வேறொரு மூலையில் செடிகளுக்கு இடையே செருகி வையுங்க. சுத்தமான காட்டுக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

எறும்பைக் கண்டுகொள்ளாமல் விட்டால் இத்தனையும் வீண். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் தண்ணிக்காக எறும்பு காவல் நின்று, குளவியையும் பொறிவண்டையும் விரட்டும். எறும்புப் புற்றைக் கொத்திக் கலைக்க வேண்டும். வரப்பில் பார்த்தீனியம், துத்தி இரண்டையும் பிடுங்கிவிடுங்க, பப்பாளி மாவுப்பூச்சி அதில்தான் குடியிருக்கும். அந்த இடத்தில் தட்டைப்பயறு போட்டால் அதில் வரும் அசுவினியைத் தின்று பொறிவண்டு பெருகும்.

நடுவதற்குக் குச்சி வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். முள்ளுவாடி ரகமோ தாய்லாந்து ரகமோ, எதுவானாலும் பூச்சி பிடித்த காட்டுக் குச்சி வேண்டாம். இலையில் மஞ்சள் திட்டு விழும் தேமல் நோய் அடித்த செடியின் குச்சியும் வேண்டாம், அந்த நோய் குச்சி வழியாகவே அடுத்த வருஷமும் வந்துவிடும், மீதியை வெள்ளை ஈ பரப்பும். முளைத்த சில வாரத்திலேயே தேமல் தெரிந்தால் தயங்காமல் பிடுங்கிவிட வேண்டியதுதான். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் அரை மனசுதான், குளவியும் பொறிவண்டும் சேர்ந்தே ஒட்டிச் சாகின்றன. ஈ வந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு மூன்று கட்டினால் போதும்.

சித்திரை, வைகாசி வெயிலில் எதுவும் கட்டுக்குள் நிற்காமல், பொறிவண்டு, குளவி என்று நம்ம கூலியாட்களையும் காணோம் என்றால் அப்புறம் தெளிக்கலாம். பூச்சி இருக்கிற திட்டுக்கு மட்டும், சாயங்காலத்தில். லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் சோப்பு, இல்லாவிட்டால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல். 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து, குருத்துக்குள் இறங்கும்படி அடியுங்க. இலைச் சாற்றை உறிஞ்சும் செம்பேனும் இதே வெயிலில்தான் வரும். இலையின் அடிப்பக்கம் படும்படி வெறும் தண்ணியை வேகமாகப் பீய்ச்சினாலே நிறையக் குறையும். வேப்பங்கொட்டையை ஆனி, ஆடியில் மரத்தடியில் பொறுக்கி நிழலில் காயவைத்துவிடுங்க, பூஞ்சணம் பிடித்த கொட்டை உதவாது.