நாயையும் பூனையையும் விட்டுவிட்டு வர மனமில்லாதவர்களுக்கு

குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வருகிறவர்களுக்கான காப்பகத்தில் போன் எடுப்பது என் வேலை. “நான் வந்துவிடுவேன், என் நாயை அவரிடம் விட்டுவிட்டு எப்படி வருவேன்?” என்று கேட்டு அழுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. துணையை மிரட்டிப் பணியவைக்கப் பிராணியை அடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

உங்களைத் துன்புறுத்துகிறவர் கைக்கு எட்டாத போனிலிருந்து காப்பகத்தைக் கூப்பிடுங்கள். எடுத்தவுடனே பிராணியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். “இங்கே இடமில்லை” என்றால் போனை வைத்துவிடாமல், “வெளியே யாராவது வைத்துப் பார்த்துக்கொள்வார்களா?” என்று கேளுங்கள். சில காப்பகங்களில் உங்கள் அறையிலேயே வைத்துக்கொள்ளலாம். சிலவற்றில் வளாகத்திலேயே தனிக்கூடம் இருக்கும். இல்லையென்றால் தன்னார்வலர் வீடுகள். பிரிட்டனில் டாக்ஸ் டிரஸ்ட் அமைப்பு 2004 முதல் இப்படித்தான் நாய்களைப் பார்த்துக்கொள்கிறது.

அப்புறம் காகிதங்கள். பல இடங்களில் சட்டத்தின் கண்ணில் பிராணி ஒரு சொத்துதான். அதனால் தடுப்பூசி அட்டை, கால்நடை மருத்துவர் ரசீது, உரிமம் எல்லாம் உங்கள் பெயரில் இருந்தால் பெரிய பலம். மைக்ரோசிப் (பிராணியின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) அவர் பெயரில் பதிவாகியிருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். மாற்றக் கேட்டதுமே அவருக்குத் தகவல் போய்விடலாம். பத்திரமான இடத்துக்கு வந்தபின் எங்களைப் போன்றவர்களின் துணையோடு செய்யலாம். அவர் உங்களை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கும்போது பிராணியையும் சேர்க்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். அமெரிக்காவில் மெய்ன் மாநிலம் 2006-லேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்தது.

கிளம்பும் நாளுக்குப் பிராணியை மருத்துவரிடம் காட்டப் போவதுதான் நல்ல சாக்கு. கூண்டை வெளியே எடுத்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மருந்து, காகித நகல்கள், நீங்களும் அதுவும் சேர்ந்திருக்கும் போட்டோ ஆகியவற்றை முன்கூட்டியே நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். துவைக்காத பழைய போர்வை ஒன்றும் இருக்கட்டும். புது இடத்தில் அந்த வாசனைதான் அதை அமைதிப்படுத்தும்.

கழுத்துப்பட்டையை மாற்றிவிடுங்கள். இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் டிராக்கர் அதில் இருக்கலாம். அதில்தான் என்றுமில்லை. கூண்டின் அடித்துணியிலும் படுக்கைத் தையலிலும்கூட இருக்கலாம், தடவிப் பாருங்கள். கேமரா வைத்த தீனிப் பெட்டியை எடுத்து வரவே வேண்டாம். பிராணியை வழக்கமாகக் காட்டிய பழைய மருத்துவமனைக்குத்தான் அவர் முதலில் போன் செய்வார். உங்கள் விவரத்தை யாருக்கும் தரக்கூடாது என்று அங்கே சொல்லிவிட்டு, வேறு மருத்துவரிடம் மாறிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அதை எடுக்க முடியவில்லையா? நீங்கள் வந்துவிடுங்கள். அதற்காகத் தனியாகத் திரும்பிப் போகாதீர்கள். போலீஸ் துணையோடு போய் எடுத்துவர முடியுமா என்று எங்களிடம் கேளுங்கள்.