பின்லாந்துக்குத் துணையாக வருகிறீர்களா? முதலில் இவற்றைச் செய்யுங்கள்

கணவருக்கு ஹெல்சிங்கி பக்கத்து நகரமான எஸ்போவில் வேலை கிடைத்து, நீங்களும் பிள்ளையும் பின்னால் கிளம்புகிறீர்கள் என்றால் இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வேலைக்கு வருபவருக்கு வழிகாட்ட அவருடைய கம்பெனி இருக்கிறது. கூட வருபவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நன்றாகப் படித்த நம் பெண்கள் பலர் எஸ்போவின் லெப்பாவாரா பக்கம் வீட்டுக்குள்ளேயே வருடங்களைக் கழிப்பதைப் பார்க்கிறேன்.

ஊரிலேயே திருமணப் பதிவுச் சான்றிதழுக்கும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாகும் அரசு அத்தாட்சி முத்திரை) வாங்கிவிடுங்கள். மக்கள்தொகைப் பதிவேட்டில் உங்களைக் குடும்பமாகப் பதிய அது வேண்டும். கோயிலில் கல்யாணம் முடித்து இன்னும் பதிவு செய்யாதவர்கள் உடனே சார்பதிவாளர் அலுவலகம் போங்கள். கல்யாண ஆல்பம் இங்கே செல்லாது.

வந்ததும் மக்கள்தொகைப் பதிவேட்டைக் கவனிக்கும் டிவிவி அலுவலகத்தில் முகவரியைப் பதியுங்கள். அடுத்து வங்கி. கூட்டுக் கணக்கு போதும் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் பெயரில் ஒரு கணக்கும், இணையத்தில் அடையாளம் காட்டும் வங்கிக் குறியீடும் கேளுங்கள். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான கேலாவின் உதவித்தொகை, குடிவரவுத் துறையான மிக்ரியின் விண்ணப்பம், ஒமகந்தா என்னும் மருத்துவத் தகவல் இணையதளத்தில் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் அதைக் கொண்டுதான் பெரும்பாலும் திறப்பார்கள். அது இல்லாவிட்டால் உங்கள் மருந்துச் சீட்டைக்கூட நீங்களே இணையத்தில் பார்ப்பது கஷ்டம்.

இனி மொழி. 2025 ஜனவரி முதல், குடியேறியவர்களை இந்தச் சமூகத்தோடு சேர்க்கும் பணி நகராட்சியின் பொறுப்பு. அங்கே போய் ஒருங்கிணைப்புத் திட்டம் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். உங்கள் படிப்பு, அனுபவம், தேவை எல்லாம் விசாரித்து, மொழி வகுப்போடு ஒரு வழி வகுத்துத் தருவார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பவரும் கேட்கலாம். குடும்ப அடிப்படையில் கிடைத்த அனுமதி அட்டையிலேயே வேலை செய்யும் உரிமையும் இருக்கிறது. இது தெரியாமலே பலர் இருக்கிறார்கள்.

வகுப்புக்கு இடம் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். நூலக அட்டை இலவசம். பல நூலகங்களில் மொழிக் கஃபே நடக்கிறது. தப்பும் தவறுமாகப் பேசலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான யுலேயின் எளிய பின்னிஷ் செய்தியைத் தினமும் கேளுங்கள். கடையில் ஆங்கிலத்துக்கு மாறினால், "புஹுத்தான் சுவோமெயா" (பின்னிஷில் பேசுவோம்) என்று சொல்லிப் பின்னிஷிலேயே தொடருங்கள். 2024 அக்டோபர் முதல் குடியுரிமைக்குப் பொதுவாக 8 ஆண்டு வசிக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அவ்வளவு நாள் இருக்கிறதே என்று மொழியைத் தள்ளிப்போடாதீர்கள். ஐடி துறையை விட்டு வெளியே வந்தால், பெரும்பாலான வேலைகளுக்குப் பின்னிஷ் கேட்பார்கள்.

பிள்ளையைப் பதியும்போது தாய்மொழிக் கட்டத்தில் தமிழ் என்றே எழுதுங்கள். ஆங்கிலம் என்று எழுதினால் நல்லது என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். பள்ளியில் தாய்மொழி வகுப்பு நகராட்சி விரும்பினால் நடத்துவது. போதிய பிள்ளைகள் விண்ணப்பித்தால்தான் தொடங்கும். அதனால் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிடமும் சொல்லி விண்ணப்பிக்க வையுங்கள்.