ஆஸ்பத்திரி போர்டுல உங்க பேரு வந்துருச்சா? இத படிச்சிட்டு போங்க

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் நம்ம ஆளுங்க கோயில் கமிட்டி, ஸ்கூல் கமிட்டின்னு பழகுனவங்க, அதனால சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் ஏரியாவுல அரசு ஆஸ்பத்திரி போர்டுக்கும் (ஆஸ்பத்திரி நடக்கறத மேற்பார்வை பாக்குற கமிட்டி) யாராவது ஒருத்தர் பேர குடுத்துடுவாங்க. போயி டீ குடிச்சிட்டு சிஇஓ சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வர்றதுக்கு போர்டு எதுக்கு?

மொதல்ல உங்க அதிகாரம் எதுவரைக்கும்னு பாருங்க. 2003 நேஷனல் ஹெல்த் ஆக்ட் படி சென்ட்ரல் ஆஸ்பத்திரி (ஸ்பெஷலிஸ்ட் வைத்தியம் பாக்குற பெரிய ஆஸ்பத்திரி) போர்ட மத்திய மந்திரி போடுவாரு, மத்த அரசு ஆஸ்பத்திரிக்கு மாகாண எம்இசி, அதாவது மாகாண சுகாதார மந்திரி. போர்டு என்ன செய்யலாம்ங்கறது மாகாண சட்டத்துல இருக்கும், கேட்டு வாங்கி படிங்க. எந்த நர்ஸ் எந்த வார்டுல, யாருக்கு எந்த பெட், இதுலெல்லாம் கைய வைக்காதீங்க. மச்சானுக்கு ஆபரேஷன் தேதிய முன்னாடி வாங்கி குடுத்தீங்கன்னா அன்னிக்கே உங்க வாய் அடைஞ்சு போச்சு, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிட்டு கேள்வி கேப்பீங்க.

அடுத்து பணம். கணக்கு நமக்கு புரியாதுன்னு ஒதுங்குறவங்க தான் அதிகம், ஆனா டெம்பிசா ஆஸ்பத்திரிய நெனச்சு பாருங்க. அது இருக்கற கவுட்டெங் மாகாணத்தோட ஹெல்த் டிபார்ட்மென்ட்ல இருந்த பபிதா தேவ்கரன் அந்த ஆஸ்பத்திரி பேமென்ட்ல சந்தேகம் இருக்குன்னு எழுதினாங்க, 2021 ஆகஸ்ட்ல வீட்டு வாசல்லயே சுட்டு கொன்னுட்டாங்க. அங்க நடந்தது என்னன்னா, ஆர்டர துண்டு துண்டா ஒடச்சு 5 லட்சம் ரேண்டுக்கு கொஞ்சம் கீழயே வெச்சு, மேல இருக்கறவங்க கையெழுத்து தேவைப்படாம பண்ணிட்டாங்க. அதனால மொத்த செலவு எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க, லிமிட்டுக்கு ஒட்டி கீழ எத்தன ஆர்டர் இருக்கு, ஒரே அட்ரஸ்ல எத்தன கம்பெனின்னு கேளுங்க. பில்லுல இருக்கற சாமான் நெஜமா வந்துச்சான்னு வார்டு சிஸ்டருக்கு தான் தெரியும், ஆபீஸ் ஃபைலுக்கு தெரியாது.

தகவல் குடுத்த ஸ்டாஃப் பேர மீட்டிங்ல சொல்லாதீங்க, மினிட்ஸ்லயும் வரக்கூடாது. 2000ல வந்த புரொடெக்டட் டிஸ்க்ளோஷர்ஸ் ஆக்ட், தப்ப வெளிய சொல்ற ஊழியர பாதுகாக்கற சட்டம், இருக்கு தான், ஆனா சட்டத்த மட்டும் நம்பி ஒரு மனுஷன மாட்டி விடக்கூடாதில்ல.

அஜெண்டாவுல கட்டடம், ஜெனரேட்டர், பார்க்கிங்னே நேரம் போயிடும். நோயாளி விஷயத்த மொதல்ல வைங்க. கம்ப்ளைண்ட் எத்தன வந்துச்சு, பதில் போக எத்தன நாள் ஆச்சு, பிரசவத்துல யாராவது இறந்தா என்ன காரணம், ஓஎச்எஸ்சி (ஆஸ்பத்திரி தரத்த சோதிக்கற அரசு அமைப்பு) இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் என்ன சொல்லுது. நோயாளிங்கள வேற எடத்துக்கு மாத்துறோம்னு பிளான் வந்தா, போற எடத்துக்கு லைசென்ஸ் இருக்கா, சாப்பாடு, மருந்து யாரு பாத்துப்பாங்கன்னு எழுத்துல கேக்காம விடாதீங்க. லைஃப் எசிடிமெனிங்கற மனநோயாளி காப்பகத்துல இருந்தவங்கள லைசென்ஸ் ஒழுங்கா இல்லாத எடங்களுக்கு அனுப்பினதுல 144 பேர் செத்தாங்க.

கேட்ட கேள்வி, பதில் சொல்ல வேண்டிய ஆளு, கெடு தேதி, இந்த மூணும் மினிட்ஸ்ல இருக்கணும். அடுத்த மீட்டிங்லயும் "பாக்குறோம்"னு தான் பதில்னா டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்கு லெட்டர், அதுக்கும் ஒண்ணும் இல்லன்னா எம்இசிக்கு. உங்க பையன் கம்பெனி டெண்டர் போட்டிருந்தா முன்னாடியே எழுதி குடுத்துட்டு அந்த பேச்சு முடியற வரைக்கும் ரூம விட்டு வெளிய நில்லுங்க, மூலையில உக்காந்து போன பாத்துட்டு இருக்கறது கணக்குல வராது.