பாய்லரை மாற்றும் முன்: ஆலை வெப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலையில் கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்றதும் எழும் முதல் கேள்வி, "இதற்குப் பதிலாக எதை எரிக்கலாம்?" என்பதுதான். பணம் வீணாவதும் அங்கேதான் தொடங்குகிறது. முதலில் கேட்க வேண்டியது வேறு: எந்த வேலைக்கு எத்தனை டிகிரி வேண்டும்?

ஒரு பால் பதப்படுத்தும் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாலை 72 டிகிரியில் 15 விநாடி வைத்தால் போதும். பாய்லரோ 8 பார் அழுத்தத்தில், ஏறக்குறைய 175 டிகிரியில் நீராவி தள்ளிக்கொண்டிருக்கும். எங்கோ ஒரு மூலையில் ஏதோ ஒரு இயந்திரத்துக்கு அந்தச் சூடு தேவைப்பட்டிருக்கும். அதற்காக ஆலை முழுவதும் அதே நீராவி. இதில் வேடிக்கை, அதே ஆலை பாலைக் குளிர வைத்து, அதிலிருந்து எடுத்த வெப்பத்தைக் கூரைமேல் காற்றில் விட்டுக்கொண்டிருக்கும். அந்த வெப்பத்தைப் பிடித்து 80, 90 டிகிரிக்கு ஏற்றித் தருவதுதான் ஹீட் பம்ப்.

"மின்சாரம் கட்டுப்படியாகாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது அடுத்த தவறு. மின்சாரம் எரிவாயுவைப் போல மூன்று மடங்கு விலை என்று வைத்துக்கொள்வோம். மின்சார பாய்லர் ஒரு யூனிட்டை வாங்கி ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் தரும், நஷ்டம்தான். ஹீட் பம்ப் அதே யூனிட்டுக்கு மூன்று யூனிட் வெப்பம் தந்தால் கணக்குச் சரியாகிவிடும். எரிவாயு பாய்லர் புகைபோக்கி வழியே இழக்கும் பத்து சதவீதத்தையும் சேர்த்தால் ஹீட் பம்ப்தான் மலிவு. ஆனால் ஏற்ற வேண்டிய டிகிரி கூடக் கூட அந்த மூன்று இரண்டாக இறங்கும், அப்போது கையைக் கடிக்கும். அதனால்தான் முதலில் டிகிரியைக் கேட்கச் சொல்கிறேன்.

சரி, ஹைட்ரஜன்? வெறும் நீராவிக்காக அதை எரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும்போதே மின்சாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் வேலை வேறு. அங்கே அது எரிபொருள் மட்டுமல்ல, வேதிவினையில் நிலக்கரியின் இடத்தையே எடுத்துக்கொள்கிறது. ஸ்வீடனின் ஹைப்ரிட் (HYBRIT) எஃகுத் திட்டம் 2021-இல் அப்படி இரும்பு எடுத்துக் காட்டியது. சிமெண்ட் இன்னொரு கதை. சூளையின் எரிபொருளை மாற்றினாலும், வெளியேறும் கரியமில வாயுவில் சுமார் 60 சதவீதம் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது.

ஓட்டைப் பானையோடு கடைக்குப் போவதும் வழக்கமான தவறு. பழுதான ஸ்டீம் டிராப் (நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வு), உறை போடாத வால்வு, சாக்கடைக்குப் போகும் கண்டென்சேட் (நீராவி குளிர்ந்து வரும் சுடுநீர்) இவற்றைச் சரிசெய்யாமல் புது இயந்திரம் வாங்கினால், கசிவுக்கும் சேர்த்து அளவெடுத்து வாங்குகிறீர்கள். பாய்லர் விஷயத்தில் இது கொஞ்சம் எரிபொருள்தான். ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் அதிக முதலீடு கேட்கும் ஹீட் பம்பில் இது பெரிய தொகை.

மின்சாரத்தை எந்த நேரத்திலும் ஒரே விலைக்கு வாங்குவதாகக் கணக்குப் போடுவதும் தவறு. விலை மணிக்கு மணி மாறும் இடங்களில், மலிவான நேரத்தில் செங்கல் அடுக்கைச் சூடாக்கி வைத்து அப்புறம் பயன்படுத்தலாம். செங்கல்லில் வெப்பத்தைச் சேமிப்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே இரும்பு உருக்கும் ஊதுலைகளுக்குத் தெரிந்த வித்தைதான்.

கொள்கை வகுப்பவர்களும் தவறுகிறார்கள். எரிவாயுவைவிட மின்சாரத்தின் மீது அதிக வரி சுமத்திவிட்டு, ஆலைகள் ஏன் மாறவில்லை என்று கேட்கிறார்கள். உள்ளூர் ஆலைக்கு மட்டும் கார்பன் விலை, அதாவது வெளியேற்றும் கரியமில வாயுவுக்குக் கட்டணம், வைத்தால் உற்பத்தி எல்லை தாண்டிப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியாகும் எஃகு, சிமெண்ட், அலுமினியம், உரம் போன்றவற்றுக்கு 2026 முதல் எல்லையில் கார்பன் கட்டணத்தைக் கொண்டுவந்தது.

கடைசியாக, பாய்லர் படுத்த பிறகு யோசிப்பது. உற்பத்தி நின்றுகிடக்கும் அன்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள். பழைய மாதிரியிலேயே ஒன்றை வாங்கி இன்னும் இருபது வருடம் ஓட்டுவார்கள். கூடுதல் மின் இணைப்புக்குச் சில இடங்களில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாய்லர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்கு விண்ணப்பித்து வையுங்கள்.