பலகை விளையாட்டின் பயனைக் குறைக்கும் பெரியவர்களின் பழக்கங்கள்

பலகை விளையாட்டு குழந்தையின் எண்ணறிவை வளர்க்கும் என்ற நம்பிக்கை பெற்றோர் பலரிடமும் உண்டு. அதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. ஆனால் எந்தப் பலகையை வாங்கினாலும், எப்படி ஆடினாலும் அந்தப் பயன் தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ணுவதில்தான் முதல் தவறு தொடங்குகிறது.

ராபர்ட் சீக்லர், கீதா ரமணி ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினர், 1 முதல் 10 வரையிலான எண்கள் ஒரே நேர்வரிசையில் எழுதப்பட்ட பலகையில் ஆடினார்கள். மற்றொரு பிரிவினர் எண்களுக்குப் பதிலாக நிறங்கள் மட்டுமே இருந்த பலகையில் ஆடினார்கள். இரண்டு வாரங்களில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடங்கள் மட்டுமே ஆட்டம் நடந்தது. எண் பலகையில் ஆடியவர்கள் எண்ணுவதிலும், எண்ணுருக்களை அடையாளம் காண்பதிலும், இரண்டு எண்களில் எது பெரியது என்று சொல்வதிலும் தெளிவாக முன்னேறினார்கள். ஒன்பது வாரங்களுக்குப் பிறகு சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. நிறப் பலகையில் ஆடியவர்களிடம் இத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. எண்களை வட்டமாக அடுக்கிய பலகையும் நேர்வரிசைப் பலகை அளவுக்குப் பயன் தரவில்லை என்பது அவர்களின் அடுத்த ஆய்வில் தெரியவந்தது. நேர்வரிசையில் 8ஆம் கட்டத்தை அடையும் குழந்தையின் கை 3ஆம் கட்டத்தை அடைந்தபோது நகர்ந்ததைவிட அதிக தூரம் நகர்ந்திருக்கும், அதன் வாய் அதிக எண்களைச் சொல்லியிருக்கும், நேரமும் கூடுதலாகச் சென்றிருக்கும். எட்டு என்பது மூன்றைவிட எவ்வளவு பெரியது என்பதைக் குழந்தை இவ்வாறு உடலாலேயே உணர்கிறது.

இந்த இடத்தில்தான் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் ஒரு தவறு நேர்கிறது. காய் 25ஆம் கட்டத்தில் இருக்கிறது, பகடையில் மூன்று விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தை “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணிக் காயை நகர்த்துகிறது. பெரியவர்களும் அப்படியே எண்ணுகிறார்கள். அப்போது 26, 27, 28 என்ற எண்கள் குழந்தையின் கண்ணிலும் படுவதில்லை, வாயிலும் வருவதில்லை. “இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு” என்று கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லியபடி நகர்த்தும் குழந்தைகளே எண் வரிசையை நன்கு உணர்ந்துகொள்கிறார்கள் என்று எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வீட்டில் இருக்கும் பாம்பும் ஏணியும் பலகையிலேயே இதைச் செய்யலாம். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் குழந்தை தடுமாறும், ஆட்டமும் மெதுவாகவே நகரும். அந்தத் தடுமாற்றத்திற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அதற்கு இடம் கொடுக்காமல் பெரியவர்களின் விரல் பலகைக்குள் நுழைவது அடுத்த தவறு. குழந்தை எந்தக் காயை நகர்த்துவது என்று தயங்கி, ஒன்றைத் தொட்டு, கையை எடுத்து, மற்றொன்றைப் பார்க்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீண் தாமதமாகத் தோன்றும் அந்தச் சில நொடிகளில்தான், ஒவ்வொரு வழியிலும் என்ன நேரும் என்று அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. “இதை நகர்த்து” என்று சொல்லிவிட்டால் ஆட்டம் விரைவாக முடியும். ஆனால் குழந்தை சிந்தித்திருக்க வேண்டியதை நாம் சிந்தித்துவிட்டோம் என்றாகிவிடும். விதியை மீறினால் மட்டும் எடுத்துச் சொல்ல வேண்டும். தவறான நகர்த்தலின் விளைவைப் பலகையே காட்டிவிடும், வேண்டுமானால் ஆட்டம் முடிந்த பிறகு, “அப்போது ஏன் அந்தக் காயை எடுத்தாய்?” என்று அக்கறையோடு கேட்கலாம்.

பெட்டியின் மேல் ‘கல்வி விளையாட்டு’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்குவதும் ஏமாற்றத்தில் முடியும். அட்டையை எடு, கணக்கைச் சொல், சரியாகச் சொன்னால் இரண்டு கட்டம் முன்னே செல் என்ற வகையிலேயே இவற்றில் பலவும் அமைந்திருக்கின்றன. கேள்விகளை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஆடத் தகுந்ததாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எதுவுமே எஞ்சவில்லை என்றால் அது விளையாட்டு வடிவில் இருக்கும் தேர்வுத்தாள். கணக்கில் பின்தங்கிய குழந்தை அங்கே விடையிலும் தோற்று ஆட்டத்திலும் தோற்கிறது. உதவி மிகுதியாகத் தேவைப்படும் குழந்தையே அந்தப் பலகையை முதலில் வெறுக்கத் தொடங்குகிறது.

செஸ் கற்றால் கணித மதிப்பெண் உயரும் என்ற எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் மட்டும் செஸ் வகுப்புகள் நடத்தி, மற்றவற்றோடு ஒப்பிட்டு அவற்றின் பயனை மதிப்பிட்ட அறிக்கை 2016இல் வெளியானது. வகுப்புகள் முடிந்து ஓராண்டுக்குப் பிறகு கணிதத் தேர்ச்சி உயர்ந்ததற்கான சான்று அதில் கிடைக்கவில்லை. செஸ் அதன் அழகுக்காகவே கற்கத் தகுந்தது. மதிப்பெண்ணைக் காட்டிக் குழந்தையை அதில் அமர்த்தினால் அந்த அழகும் அதற்குத் தென்படாமல் போகும்.

குழந்தை அழுமே என்று ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே தோற்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தை சற்று வளர்ந்ததும் இதைக் கண்டுபிடித்துவிடும். அதன் பிறகு உண்மையாகவே பெற்ற வெற்றியையும் நம்பாது. அதைவிட, செஸ் ஆட்டம் தொடங்கும் முன்பே நம் ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடுவதாக வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். தோல்வியைத் தாங்கும் பக்குவம் இன்னும் வராத சிறு குழந்தைகளுக்கு, எல்லோரும் ஓரணியாகச் சேர்ந்து ஆடும் கூட்டுறவு விளையாட்டுகள் பொருத்தமானவை.

வயதுக் குறிப்பைக் குழந்தையின் அறிவுக்கான அளவுகோலாகக் கொள்வது ஆபத்தில் முடியக்கூடும். ‘8 வயதுக்கு மேல்’ என்பது பெரும்பாலும் விதிகளின் கடினத்தைப் பற்றிய மதிப்பீடு. ஆர்வமுள்ள ஏழு வயதுக் குழந்தை அதை ஆடிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ‘3 வயதுக்கு உட்பட்டோருக்கு ஏற்றதன்று’ என்ற எச்சரிக்கை, சிறு காய்களும் பகடைகளும் தொண்டையில் சிக்கி மூச்சடைக்கும் என்பதற்காக இடப்படுவது. குழந்தை எவ்வளவு சுட்டியாக இருந்தாலும் அதில் விலக்குக் கிடையாது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் மூத்த குழந்தையின் ஆட்டத்தை மேசை மேல் வைத்துக்கொள்ள வேண்டும்; ஆட்டம் முடிந்ததும் காய்களை எண்ணிப் பெட்டியில் போட வேண்டும்; ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும் வரை சிறு குழந்தையை அந்தத் தரையில் விடக் கூடாது.