குட்டைக் கைக்காரனுக்கு ஒரு வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிட்ட பழைய பெரட்டுக் களத்தில்தான் எங்கள் குத்துச்சண்டைப் பயிற்சி. ரிங் கிடையாது. குத்திப் பழக ஒரு பேக், இரண்டு லோரி டயர், அவ்வளவுதான். எனக்குக் கை குட்டை. எட்ட நின்று ஆடினால் அடி வாங்கியே தீரவேண்டும் என்பதால் ஒட்டி நின்று குத்தப் பழகினேன். இப்போது பையன்களுக்கும் அதையே சொல்லித் தருகிறேன்.

முதலில் உள்ளே போகவேண்டும். நேராக ஓடாதீர்கள். எதிராளி ஜேப், அதாவது முன்னால் இருக்கும் கையால் நேர்குத்து, போடட்டும். தலையை அவன் கைக்கு வெளிப்பக்கமாகச் சரித்து, அதே நொடியில் முன்காலை எடுத்து வையுங்கள். அவன் கை திரும்புவதற்குள் அவன் நெஞ்சோடு நிற்கவேண்டும்.

அப்புறம் எல்லாம் தலைதான். நெற்றி அவன் தோளை ஒட்டி இருக்கட்டும். முட்டினால் நடுவர் விடமாட்டார். தாடையை இறக்கி, அவன் மார்பைப் பாருங்கள். பத்தொன்பது வயதில் ஒரு போட்டியில், என் குத்து சரியாக விழுந்ததா என்று நிமிர்ந்து பார்த்தேன். கீழிருந்து வந்தது ஒரு அப்பர்கட். நாக்கைக் கடித்துக்கொண்டு பத்து நாள் கஞ்சிதான். பல்காப்பு இல்லாமல் யாரையும் நான் களத்தில் இறக்காததற்கு அதுதான் காரணம்.

குனிவதை அம்மாவிடம் கற்றேன். பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், கீழ்ப்பட்டை வெட்டும்போது முட்டியைத்தான் மடக்குவார், இடுப்பை வளைக்கமாட்டார். இடுப்பை வளைத்தால் முகம் முன்னால் போய் அப்பர்கட்டுக்குத் தோதாக நிற்கும்.

குத்துக்கு வருவோம். கையை வீச இடமில்லை; முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து இடுப்பைத் திருப்புங்கள், கை தானாகப் போகும். அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டு பேக்கைக் குத்திப் பாருங்கள். துண்டு விழுந்தால் வீசுகிறீர்கள் என்று அர்த்தம். முதல் குறி அவனுடைய வலது விலாவின் அடி. ஈரல் அங்கேதான். இடது ஹூக், அதாவது மடக்கிய கையால் பக்கவாட்டிலிருந்து போடும் குத்து, ஒன்று சரியாகப் பட்டால் ஓரிரு நொடி கழித்துத்தான் வலி ஏறும், காலும் மடங்கும். அடுத்த தடவை அவன் முழங்கை தானாக அங்கே இறங்கும். அப்போது அதே இடது கையைத் தலைக்குக் கொண்டுபோங்கள்.

1975 ஜூலை 1 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகம்மது அலியும் ஜோ பக்னரும் 15 சுற்று ஆடியதை அப்பா நேரில் பார்த்தவர். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். மூன்று மாதம் கழித்து மணிலாவில் ஜோ ஃபிரேசியர் ஒட்டி நின்று அலியின் விலாவில் இறக்கியதைத்தான் சொல்லிச் சொல்லி மாய்வார். 14ஆவது சுற்று முடிந்ததும் ஃபிரேசியரின் பயிற்சியாளரே ஆட்டத்தை நிறுத்திவிட்டார், ஃபிரேசியர் தோற்றார். அப்பாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை.

பழகுவதற்கு லோரி டயர் போதும். இருவரும் முன்காலை டயருக்குள் வைத்து, ஒரு நிமிடம் மெதுவாகக் குத்திக்கொள்ளுங்கள். தலைக்காப்பு கட்டாயம். மூச்சை அடக்காதீர்கள், ஒவ்வொரு குத்துக்கும் மூக்கால் சீறுங்கள்.

வெளியே வருவதில்தான் பையன்கள் சொதப்புகிறார்கள். நேராகப் பின்வாங்கினால் அவன் நீட்டுக் கைக்குச் சரியான தூரத்தில் போய் நிற்பீர்கள். ஒரு ஹூக் போட்டுவிட்டு, முன்காலை ஊன்றிப் பக்கவாட்டில் திரும்பி விலகவேண்டும். அவர்களுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மங்கில் (கிண்ணத்தில்) தண்ணீர் ஊற்றி வைக்கிறேன், நேராக வந்தால் கொட்டிவிடும். நேற்று மட்டும் ஆறு தடவை நிரப்பினேன்.