நான்கு கண்ணியில் தொடங்கும் பருத்தித் துணி: முதன்முதலாகப் பின்னல் ஊசி பிடிப்பவர்களுக்கு

ஊசி பிடிக்கும் முன் ஒரு பழைய பனியனை எடுத்து வெளிச்சத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். பொடிப்பொடியாக வரிசை கட்டி நிற்கும் கொக்கிகள், அதாவது கண்ணிகள் எனும் நூல் வளையங்கள், தெரியும். ஒவ்வொன்றும் கீழே உள்ள கண்ணிக்குள் நுழைந்து மேலே வந்திருக்கும். திருப்பூர் இயந்திரம் நொடியில் செய்யும் அதே வேலையை நாம் இரண்டு ஊசிகளால், கண்ணி கண்ணியாகச் செய்யப்போகிறோம். பின்னலாடை என்ற பெயர் சும்மா வரவில்லை.

புதிதாகக் கற்பவர்கள் பலரும் மஃப்ளரில்தான் கை வைக்கிறார்கள். நானும் அப்படித்தான். 40 கண்ணியில் தொடங்கியது, ஒரு முழம் வளர்வதற்குள் 57 கண்ணியாகி, கோபுரத்தைத் தலைகீழாக நிறுத்தியதுபோல நின்றது. அது ஏன் என்பது பின்னால் வரும். மஃப்ளரில் முதல் வரிசையிலேயே 40 கண்ணிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். அதைச் சென்னை வெயிலில் யார் போடுவது என்பது வேறு கேள்வி. மூலையில் 4 கண்ணியோடு தொடங்கி, விரிந்து, பிறகு குறுகும் சதுரத் துணிதான் முதல் வேலைக்கு ஏற்றது. முகம் துடைக்கலாம், பாத்திரம் துடைக்கலாம், இரண்டாக மடித்தால் கரித்துணியாகவும் உதவும்.

தேவையானவை

50 கிராம் பருத்தி நூல், நடுத்தரத் தடிமன், வெளிர் நிறம். கறுப்பு நூலில் கண்ணி கண்ணுக்கே தெரியாது. அக்ரிலிக் நூல் வேண்டாம்; அடுப்பருகில் சூடு பட்டால் உருகிவிடும். ஊசி 4 மில்லிமீட்டர். நம் ஊர்க் கடைகளில் இதை 8ஆம் எண் என்பார்கள். எண் கூடக்கூட ஊசி மெலியும், 10ஆம் எண் 3.25 மில்லிமீட்டர்தான். அமெரிக்கக் குறிப்புகளில் இது தலைகீழ்: அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குங்கள். வழுக்காத மூங்கில் ஊசி கிடைத்தால் நல்லது. ஒரு கத்தரிக்கோல், பெரிய காதுள்ள தையல் ஊசி, இரண்டு ஊக்கு.

கண்ணி ஏற்றுதல்

நூல் முனையிலிருந்து ஒரு சாண் விட்டு உருவாஞ்சுருக்கு போட்டு, வலக்கை ஊசியில் மாட்டுங்கள். இது முதல் கண்ணி. பந்துப் பக்கத்து நூலை இடக்கைப் பெருவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, விரலுக்குக் கீழிருந்து மேலாக ஊசியைச் செருகி, விரலை உருவிவிட்டு மெல்ல இழுங்கள். இப்படி இன்னும் மூன்று. ஊசியில் கண்ணிகள் தாராளமாக நகர வேண்டும். புதியவர்கள் கண்ணி அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் இறுக்கிவிடுகிறார்கள். பிறகு ஊசி நுழையாது.

நிட்

பின்னலின் அடிப்படைக் கண்ணிக்கு நிட் என்று பெயர். கண்ணிகள் உள்ள ஊசியை இடக்கைக்கு மாற்றுங்கள். நூல் ஊசிக்குப் பின்னால் இருக்க வேண்டும். முதல் கண்ணிக்குள் வலக்கை ஊசியை முன்னிருந்து பின்னாக, இடமிருந்து வலமாக நுழையுங்கள். இரண்டு ஊசிகளும் பெருக்கல் குறிபோல நிற்கும். பின்னால் தெரியும் முனையில் நூலைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரு முறை சுற்றுங்கள். அந்தச் சுற்றை ஊசி முனையால் பழைய கண்ணி வழியாக முன்பக்கம் இழுத்து, பழையதை இடக்கை ஊசியிலிருந்து கழற்றி விடுங்கள். நுழை, சுற்று, இழு, கழற்று. முதல் 20 கண்ணிகளுக்கு வாய்விட்டே சொல்லுங்கள். வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும்.

நான்கையும் முடித்ததும் ஊசிகளைக் கை மாற்றுங்கள். இந்தத் துணி முழுவதும் நிட் மட்டும்தான், அதன் மறுபுறமான பர்ல் என்ற கண்ணி தேவையில்லை. எல்லா வரிசையிலும் நிட் போட்டால் இரு புறமும் ஒரேபோல் மேடு விழும், ஓரம் சுருளாமல் தட்டையாகக் கிடக்கும்.

விரித்தல்

இனி ஒவ்வொரு வரிசையும் இப்படி: 2 நிட், ஒரு நூல் சுற்று, மீதி எல்லாம் நிட். நூல் சுற்று என்றால், நூலை இரு ஊசிகளுக்கும் இடையே முன்பக்கம் கொண்டுவந்து, வலக்கை ஊசியின் மேலாகப் பின்னால் போட்டுவிட்டு அடுத்த கண்ணியைப் பின்னுவது. வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். அடுத்த வரிசையில் அந்தச் சுற்றையும் ஒரு கண்ணியாகவே பின்ன வேண்டும். அதுவே ஓரத்தில் அழகான துளையாகிவிடும்.

இப்போது என் 57 கண்ணிக் கதை. வரிசை தொடங்கும்போது நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் இழுத்தால், முதல் கண்ணி தலைகீழாகத் தூக்கி, அதன் இரண்டு கால்களும் ஊசியின் மேல் ஏறி இரண்டு கண்ணிபோல நிற்கும். நீங்களும் அப்பாவியாக இரண்டையும் பின்னிவிடுவீர்கள். நான் 17 முறை பின்னினேன். திருப்பியவுடன் நூலைக் கீழே இழுத்துவிட்டு, ஊசிக்கு அடியிலிருந்தே பின்னால் கொண்டுபோங்கள். அவ்வளவுதான் மருந்து.

வரிசையின் நடுவே பால் பொங்கினால் அப்படியே வைத்துவிட்டு ஓடலாம். திரும்பி வந்ததும் பந்து நூல் தொங்கும் ஊசி வலக்கைக்கு வர வேண்டும். மாற்றிப் பிடித்தால் துணியின் நடுவில் துளை விழும். கண்ணி நழுவினால் உடனே ஊக்கில் கோத்துவிடுங்கள், அந்த இடம்வரை பிரித்துப் பின்னலாம். பிரிப்பதில் வெட்கம் வேண்டாம்.

குறைத்தல்

சாய்ந்த ஓரத்தை அளந்து 7 அங்குலம் வந்ததும் குறைக்கத் தொடங்குங்கள். எனக்கு ஏறக்குறைய 50 கண்ணியில் வரும். உங்கள் கை இறுக்கத்தைப் பொறுத்து மாறும். பந்தைக் கூடியவரை தீர்க்க வேண்டுமானால் அளக்கவே வேண்டாம்: சமையலறைத் தராசில் மீதி நூலை வைத்து, பாதிக்குக் கொஞ்சம் மேலாக, 28 கிராம் காட்டியதும் குறைக்கத் தொடங்குங்கள்.

குறைக்கும் வரிசை: 1 நிட், இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒரே நிட், நூல் சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து ஒரு நிட், மீதி நிட். இரண்டு குறைந்து ஒன்று கூடுவதால் மொத்தத்தில் ஒன்று குறையும், துளையும் தொடரும். 4 கண்ணி மிஞ்சும்வரை இதுவே.

முடித்தல்

2 நிட் போடுங்கள். முதலாவதை இடக்கை ஊசி முனையால் தூக்கி இரண்டாவதன் மேலாகத் தாண்டிக் கீழே விடுங்கள். இன்னொரு நிட், மீண்டும் தாண்டல். கடைசிக் கண்ணி மிஞ்சும்போது ஒரு சாண் விட்டு நூலை வெட்டி, அந்தக் கண்ணிக்குள் செலுத்தி இழுங்கள். இரண்டு நூல் முனைகளையும் தையல் ஊசியால் மேடுகளுக்குள் ஒரு திசையிலும் பின்பு எதிர்த் திசையிலும் ஓட்டி மறைத்துவிடுங்கள். ஓட்டாமல் வெட்டினால் இரண்டாம் துவைப்பிலேயே வெளியே வந்து நிற்கும்.

அடுத்ததாக, குறைக்கும் பகுதியை விட்டுவிட்டு விரிப்பதை மட்டும் தொடர்ந்து பாருங்கள். முக்கோணமாக வளரும். கம்பளி நூலில் இரண்டு கைகளையும் விரித்த அகலம் வந்ததும் முடித்தால், ஊட்டிக் குளிருக்குத் தோளில் போடும் சால்வை தயார். முடிக்கும் வரிசையை மட்டும் மிகத் தளர்வாகப் பின்னுங்கள், இல்லையேல் ஓரம் சுருட்டிப் பிடிக்கும்.